எதிர்க்கரைக்காரருக்கு

வெண்டல் ஹாப்குட்,
உங்கள் பழைய கார்ப் பாதையை உடைத்து
அந்தக் கான்கிரீட் பாளங்களை
நீங்கள் டெர்ரபின் ஓடைக்குள் சரித்த சனிக்கிழமை
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.
உங்கள் கரை அன்றோடு நின்றது.
என்னுடையது நடக்கத் தொடங்கியது.

முதலில் புல்லுக்குள் ஒரு விரிசல்,
நாணயம் போட்டால் விழும் ஓசை கேட்காத ஆழம்.
பிறகு வேலியின் இரண்டு கம்பங்கள்.
பிறகு ஊஞ்சல்:
இரண்டு கால் மண்ணில், இரண்டு கால் அந்தரத்தில்.
மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், அழ ஆளில்லை.
காப்பீட்டுக்காரனைக் கூப்பிட்டேன்.
"நிலம் போனதற்குப் பணமில்லை அம்மா,
வீடு போனால் பேசலாம்" என்றான்.

பத்திரத்தில் இருக்கிறது:
வடக்கெல்லை, ஓடையின் நடு.
எந்த வருஷத்து நடு? எந்த மழையின் நடு?
மேட்டில் புதுக் கடைவளாகம்,
நானூறு கார் நிற்கத் தார் போட்டிருக்கிறார்கள்.
அங்கே விழும் மழை
எங்கும் உட்கார இடமில்லாமல்
இருபது நிமிஷத்தில் நம் கொல்லைக்கு வந்துவிடுகிறது,
அவர்கள் கோபத்தையும் சுமந்துகொண்டு.
கரை என்று பேர் வைத்தால்
கரையத்தான் செய்யும் போல.

இரண்டு வருஷம் நாம் பேசவில்லை.
நாய்கள் பேசிக்கொண்டன.

கவுண்டியின் மண் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து
டெல்ஃபீன் லாக்லியர் வந்தாள்.
முழங்கால் பூட்ஸோடு நடு ஓடையில் நின்று
இருவரையும் ஒரே குரலில் திட்டினாள்
என்றுதான் எனக்குப் பட்டது.
"செங்குத்தாய் நிற்பது விழும்.
சாய்ந்து கொடுத்தால் நிற்கும்.
இந்தப் பக்கம் ஒன்பது அடி, அந்தப் பக்கம் ஆறு,
வெட்டி விடுங்கள்.
வெள்ளம் ஏறி உட்கார ஒரு படி வேண்டும்."
போன மண்ணை மீட்க வந்தவள்
இருந்த மண்ணையும் கேட்டாள்.

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள்,
மறுபடி போட்டுக்கொண்டீர்கள்.
உங்கள் ஆறு அடியை நான் மனதுக்குள் அளந்தேன்:
தக்காளிப் பாத்தி முழுக்க,
நாய்க்கூண்டில் பாதி.
கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.

பிப்ரவரியில் எந்திரம் வந்தது.
கரோலினாவின் செம்மண்ணை
கேக் போல் வழித்துச் சரிவாக்கியது.
உங்கள் பாளங்களை ஒவ்வொன்றாய் மேலே எடுத்தது.
ஏழாவதிலோ எட்டாவதிலோ
சின்னதாய் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது,
பக்கத்தில் குச்சியால் கீறிய தேதி.
அதை மட்டும்
லாரியில் ஏற்ற நீங்கள் விடவில்லை.
உடைத்த அன்று கவனிக்கவில்லையா,
கவனித்தும் சரித்தீர்களா?
ஓடையின் இரைச்சலில் அதைக் கேட்க முடியாது.

தேங்காய் நார்ப் பாய் விரித்து முளை அடித்தார்கள்.
நானூறு வில்லோ குச்சிகள், இலையில்லாதவை,
கட்டைவிரல் கனம், மூன்றடி நீளம்.
மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் டெல்ஃபீன்,
இரண்டு தடவை சொன்னாள்.
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்றைத் தலைகீழாய் அறைந்தீர்கள்,
கண்ணாடி போடாமல், வழக்கம்போல்.

இருட்டும் வரை காத்திருந்தேன்.
தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது,
குளிர் மட்டும் இடுப்பு வரை.
பத்தைப் பிடுங்கித் திருப்பி நட்டேன்.
பதினொன்று அசையவில்லை,
பிடிவாதமாய் அடித்திருக்கிறீர்கள்.

ஏப்ரலில் பெருமழை.
வெள்ளம் படியேறியது, உட்கார்ந்தது,
ஒரு பந்தையும் யாருடைய செருப்பையோ வைத்துவிட்டு
இறங்கிப் போனது.
நார்ப் பாய் பெயரவில்லை.
குச்சிகள் பச்சை பிடித்திருக்கின்றன.
அந்தப் பதினொன்றும்கூட:
அதன் தளிர் முதலில் கீழ்நோக்கிக் கொஞ்சம் போய்,
யோசித்து,
மேலே வளைந்திருக்கிறது.

அதைப் பற்றி நான் உங்களிடம் சொல்லவில்லை.
உங்கள் கரையில்
என் பூட்ஸ் தடம் எப்படி வந்தது என்று
நீங்களும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி மழையாம்.